குறட்டையும் சுகரும்: தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்கு நடை மருந்தாகுமா?

அமராவதிக்கரை | ஆகஸ்ட் 3, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். கரூரிலிருந்து எழுதுகிறேன். இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதியதில்லை.

என் வீட்டுக்காரருக்கு வயது 48. பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் டிஸ்பேட்ச் சூப்பர்வைசர். சுகர் வந்து 9 வருடம் ஆகிறது. கூடவே பிபி, டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு, ஃபேட்டி லிவர். எடை 86 கிலோ, உயரம் 168 செ.மீ., இடுப்பு 104 செ.மீ., கழுத்து 43 செ.மீ. டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

குறட்டை கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. இரண்டு வருடமாகத்தான் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. குறட்டை சட்டென்று நிற்கும். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், ஆனால் மூக்கருகே விரலை வைத்தால் காற்றே வராது. நான் இருட்டில் உட்கார்ந்து எண்ணுவேன். 18, 20, ஒருநாள் 31 வரை போனது. அப்புறம் கிணற்றில் முங்கிக் கிடந்தவர் மேலே வந்த மாதிரி பெரிய இழுப்பு. திரும்பவும் குறட்டை. காலையில் கேட்டால் "நல்லாத்தான் தூங்கினேன்" என்பார். ஆனால் பத்து மணிக்கே இன்வாய்ஸ் பார்க்கும்போது கண் சொருகுகிறது. போன மாதம் சிக்னலில் பைக்கில் நின்றபடியே தூங்கி, வண்டியோடு சாய்ந்துவிட்டார். முழங்கையில் நான்கு தையல்.

ஸ்லீப் டெஸ்ட் எடுத்தோம். மணிக்கு 34 தடவை மூச்சு தடைபடுகிறதாம். ஆக்சிஜன் 76 வரை இறங்கியிருக்கிறது. சி-பேப் மெஷின் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்வது) வாங்கச் சொன்னார்கள், நகையை வைத்து வாங்கினோம். மாஸ்க்கை மாட்டினால் இரண்டு மணி நேரம் தாங்குகிறார், அப்புறம் தூக்கத்திலேயே பிய்த்துப் போட்டுவிடுகிறார். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் காலை வெறும் வயிற்று சுகர் 160க்குக் கீழே வருவதில்லை.

டாக்டர் எழுந்து போகும்போது "வாக்கிங் போகச் சொல்லுங்கம்மா" என்றார். அவ்வளவுதான். எவ்வளவு நேரம், எப்போது, எப்படி, ஒன்றும் இல்லை. என் கேள்வி இதுதான். இது சும்மா எல்லோருக்கும் சொல்கிற வார்த்தையா, இல்லை இந்த மூச்சுத் தடைக்கே நடை மருந்தாக வேலை செய்யுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மதுரைபிசியோ | ஆகஸ்ட் 3, இரவு 11:40

சகோதரி, நீங்கள் எண்ணியதுதான் முதல் பரிசோதனை. மூச்சு பத்து வினாடிக்கு மேல் நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கில் எடுப்பார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. உங்கள் வீட்டுக்காரர் கடுமையில் நுழைந்துவிட்டார். ஆகவே முதலில் ஒன்று: என்ன நடந்தாலும் மெஷினை ஓரம் கட்ட வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வி. ஆம், வேலை செய்யும். சும்மா சொல்கிற வார்த்தை இல்லை.

2011இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் ஒரு சோதனை செய்தார்கள். அதிக எடையுள்ள, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத, நடுத்தரம் முதல் கடுமை வரை மூச்சுத் தடை உள்ள 43 பேர். ஒரு குழு வாரத்துக்கு நான்கு நாளாகப் பிரித்து மொத்தம் 150 நிமிடம் வியர்க்கிற அளவுக்குப் பயிற்சி செய்தது, கூடவே இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. இன்னொரு குழு உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். 12 வாரத்தில் முதல் குழுவில் மணிக்கு ஏற்படும் தடைகளின் சராசரி 32இலிருந்து 25க்குப் பக்கம் இறங்கியது. இரண்டாவது குழுவில் இறங்கவில்லை. இதில் என் மனதில் நின்றது என்னவென்றால், முதல் குழுவிலும் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. தராசு அசையாமலே தொண்டை திறந்தது.

எப்படி? ஒரே காரணம் இல்லை. பகலெல்லாம் காலில் தேங்கும் நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறும், நடந்தால் அந்தத் தேக்கம் குறையும். தூக்கம் ஆழமானால் மூச்சும் சீராகும். மூச்சுப் பாதையைத் திறந்து பிடிக்கிற தசைகளுக்கும் பயிற்சியால் வலுக் கூடுகிறது என்கிறார்கள். வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்பு எடைக்கு முன்னாலேயே கரையத் தொடங்கும். நுரையீரலுக்குக் கீழே இருக்கிற உதரவிதானம் என்ற மூச்சுத் தசையைத் தொப்பை மேலே தள்ளுவது குறைந்தால் நுரையீரல் கொஞ்சம் விரியும்.

எந்த நாளில் எவ்வளவு என்பதை நாளை எழுதுகிறேன். அதற்குள் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஈசிஜி எடுத்து எத்தனை நாள் ஆகிறது? கண்ணில் விழித்திரையைப் பார்த்தார்களா? பாதத்தில் மரத்துப்போதல் இருக்கிறதா?

நடைவண்டி | ஆகஸ்ட் 4, காலை 6:05

அம்மா, நான் தஞ்சாவூர். வயது 57. என் கதையைச் சொன்னால் உங்கள் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

டெஸ்டில் எனக்கு மணிக்கு 41 தடை இருந்தது. மெஷின் வந்த முதல் மாதம் நானும் பிய்த்துப் போட்டேன். நடக்கச் சொன்னதும் மறுநாளே ஒரு மணி நேரம் போனேன், முழங்கால் வீங்கி ஒரு வாரம் படுத்தேன். அப்புறம் தெருவில் நாய்த்தொல்லை. விடியற்காலை நான்கைந்து சேர்ந்து வரும், கையில் கம்போடு நடப்பதற்கு மனசு ஒப்பவில்லை. அதனால் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மாடியைச் சுற்றி ஒரு சுற்று 52 அடி. சட்டைப்பையில் 20 புளியங்கொட்டை போட்டுக்கொள்வேன். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவேன். முதல் வாரம் 20 கொட்டை, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் இரண்டு தடவை 20. இரண்டாவது மாதம் கொட்டையை விட்டுவிட்டு வாட்ச் பார்த்து 35 நிமிடம்.

முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மூன்று வாரத்தில்தான் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு முதலில் மாறியது குறட்டை இல்லை. இரவில் நான்கு தடவை சிறுநீருக்கு எழுவேன், அது இரண்டானது. ஆறாவது மாதம் திரும்ப டெஸ்ட் எடுத்தபோது 27. மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 8.6 இருந்தது 7.3க்கு வந்தது. எடை குறைந்தது மூன்றே கிலோ. மெஷினை இன்றைக்கும் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன்.

தறிக்காரன் | ஆகஸ்ட் 4, பிற்பகல் 2:30

நடைவண்டி ஐயாவுக்கு நல்லது நடந்ததில் சந்தோஷம். ஆனால் இங்கே எழுதுவதைப் பத்துப் பேர் படிக்கிறார்கள் என்பதால் மனசில் பட்டதைச் சொல்கிறேன்.

என் மச்சானுக்கும் இதே நோய்தான். சரக்கு வேன் ஓட்டுகிறார். மெஷின் வாங்கினார், கூடவே நடையும் தொடங்கினார். நான்கு மாதத்தில் உடம்பு லேசானது, பகல் தூக்கம் போனது. "எனக்குச் சரியாயிடுச்சு" என்று மெஷினை அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டார். திரும்ப டெஸ்ட் எடுக்கவில்லை. தீபாவளி லோடு நேரம், நடையும் நின்றுபோனது. பெருந்துறை தாண்டி ஒரு விடியற்காலை வேன் தடுப்பில் ஏறிவிட்டது. உயிர் பிழைத்தது ஆண்டவன் செயல். இடுப்பில் கம்பி வைத்து எட்டு மாதம் வேலையில்லை.

அதனால் "நடை மருந்து" என்று தலைப்பு வைப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. என் பெரியப்பா இருபது வருடமாகத் தினமும் நடக்கிறார். அவர் குறட்டை இன்றைக்கும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். நடந்தால் சரியாகும் என்று எழுதினால், காசு இல்லாதவன் மெஷினே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடுவான். அவனுக்கு யார் பதில் சொல்வது?

மதுரைபிசியோ | ஆகஸ்ட் 4, இரவு 9:15

தறிக்காரன் அண்ணா, உங்கள் மச்சான் கதையை என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லலாமா? இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. பகல் தூக்கம் போனது என்பது நோய் போனதற்கு அடையாளம் இல்லை. ஒருவருக்கு 34இலிருந்து 22 ஆனாலே பகலில் தெளிவாக இருப்பார். ஆனால் 22 என்பதும் நோய்தான். திரும்ப டெஸ்ட் எடுக்காமல் யாரும் மெஷினை விடக் கூடாது. வண்டி ஓட்டுகிறவர் கட்டாயம் விடக் கூடாது.

ஆனால் உங்கள் பெரியப்பா நடையைப் பற்றி ஒன்று கேட்கிறேன். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு கதை பேசிக்கொண்டே மெதுவாக வருவாரா? பூங்காவில் நான் பார்க்கிற நடையில் பாதி அப்படித்தான். மனசுக்கு நல்லது, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இந்த நோய்க்கு அந்த அளவு போதாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். நடந்து முடிக்கும்போது சட்டையின் முதுகு நனைந்திருக்க வேண்டும். ஆன்டிபயாடிக்கைக் கால் மாத்திரை போட்டுவிட்டுக் காய்ச்சல் விடவில்லை என்று சொல்வதில்லையே.

இன்னொன்றும் உண்டு. தாடை உள்வாங்கி இருப்பவர், டான்சில் பெருத்தவர், மூக்குத் தண்டு வளைந்தவர், இவர்களுக்கு நடையால் பலன் குறைவு. இவர்களில் ஒல்லியானவர்களும் உண்டு. அதைக் காது மூக்கு தொண்டை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தொப்பை, சுகர், ஃபேட்டி லிவர் என்று கூட்டமாக வருகிறவர்களுக்குத்தான் பயிற்சி நன்றாகப் பிடிக்கிறது. வேர் அங்கே இருக்கிறது.

அந்த வேரைப் பிடித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஸ்பெயினின் கிரனாடா நகரில் செய்த சோதனையைச் சொல்கிறேன், முடிவு 2022இல் வெளியானது. ஏற்கெனவே சி-பேப் போட்டுக்கொண்டிருந்த 89 ஆண்கள். ஒரு பாதிக்கு மெஷின் மட்டும். மறு பாதிக்கு மெஷினோடு எட்டு வாரம் பயிற்சி, சாப்பாட்டு மாற்றம், மது புகை நிறுத்தம், தூக்கப் பழக்கம் எல்லாம் சேர்த்து. எட்டு வாரத்தில் இரண்டாவது குழுவின் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 10 பேரில் 6 பேருக்கு மெஷின் தேவைப்படவில்லை. எடையும் ஏறத்தாழ 7 கிலோ குறைந்திருந்தது. டெஸ்ட் எடுத்துப் பார்த்த பிறகே மெஷினை விட்டார்கள் அண்ணா, மாடிப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு இல்லை.

இன்சுலின்அக்கா | ஆகஸ்ட் 5, காலை 7:20

நான் நாகர்கோவிலில் சுகர் கிளினிக்கில் நர்ஸ். அமராவதிக்கரை, உங்கள் வீட்டுக்காரரின் காலை சுகர் 160 என்று படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. "ராத்திரி ரெண்டு சப்பாத்திதான் சாப்பிட்டார், காலையில எப்படி ஏறுது?" என்று எங்களிடம் தினமும் கேட்பார்கள். வீட்டில் சண்டையே வரும், திருட்டுத்தனமாக ஏதோ தின்றார் என்று. பல பேருக்குக் காரணம் தட்டில் இல்லை, தலையணையில் இருக்கிறது.

ஒவ்வொரு தடவை மூச்சு நிற்கும்போதும் உடம்பு ஆபத்து வந்ததாக நினைத்து அட்ரினலினைக் கொட்டும். கல்லீரல் சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடும். மணிக்கு 34 தடவை, ஆறு மணி நேரம் தூங்கினால் 200 தடவைக்கு மேல். சிகாகோவில் 2008இல் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள் ஒன்பது பேரை எழுப்பாமலே, ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போதெல்லாம் சத்தம் கொடுத்து மேலே இழுத்தார்கள். தூங்கிய நேரம் குறையவில்லை, ஆழம் மட்டும் போனது. மூன்றே இரவில் இன்சுலினுக்கு உடம்பு கேட்கும் தன்மை கால் பங்கு குறைந்தது. அதனால் சுகர் மூச்சைக் கெடுக்கும், மூச்சு சுகரைக் கெடுக்கும். பருமனோடு சுகரும் உள்ளவர்களை அமெரிக்காவில் டெஸ்ட் செய்து பார்த்தபோது 100க்கு 86 பேருக்கு ஏதோ ஒரு அளவில் மூச்சுத் தடை இருந்தது. எங்கள் கிளினிக்கில் குறட்டையைப் பற்றி நாங்கள் கேட்டால்தான் சொல்கிறார்கள், தாமாக யாரும் சொல்வதில்லை.

நடை இந்த வட்டத்தில் இரண்டு பக்கமும் வெட்டுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வேலை செய்கிற தசை, இன்சுலின் கதவைத் தட்டாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக் கூடாது.

எச்சரிக்கை ஒன்று உண்டு, இதைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். கிளைமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாயங்காலம் புதிதாகக் கடுமையான பயிற்சி செய்தால் நடு இரவில் சுகர் இறங்கலாம். பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும் இறங்கும். வியர்த்து விழித்து, நெஞ்சு படபடத்து, "மூச்சு அடைத்துவிட்டது" என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் மாதம் இரவு இரண்டு மணிக்கு நான்கைந்து நாள் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை, மறுநாள் டாக்டரிடம் மாத்திரை அளவைக் கேளுங்கள். தானாகக் குறைக்க வேண்டாம்.

செருப்பு வேண்டாம், காட்டன் சாக்ஸும் ஷூவும். வந்ததும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

ஸ்கார்பரோ தம்பி | ஆகஸ்ட் 5, மாலை 6:48

கனடாவிலிருந்து எழுதுகிறேன். காலில் தேங்கும் நீரைப் பற்றி மதுரைபிசியோ அக்கா ஒரு வரி எழுதியிருந்தா. அதைக் கண்டறிந்ததில் எங்கட டொரன்டோ ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 66 வயது. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் நடந்து திரிந்தவர். இங்கே வந்து இருபத்தைந்து வருடம் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தபடி வேலை. பின்னேரம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும், விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கும். சுகரும் உண்டு. மூச்சுத் தடை என்று தெரிந்தபோது, "மெலிஞ்ச எனக்கு எப்படி இது வந்தது?" என்றுதான் அம்மா கேட்டா.

டொரன்டோவில் செய்த ஆய்வுகளில், இரவு படுத்ததும் காலிலிருந்து எவ்வளவு நீர் மேலே போகிறதோ, அதற்கேற்ப கழுத்துச் சுற்றளவும் தடை எண்ணிக்கையும் கூடுவதைக் காட்டினார்கள். பகல் முழுக்க இருந்தபடி இருப்பவர்களுக்கு இது கூடுதல். கெண்டைக்கால் ஒரு பம்ப் மாதிரி, குதிகாலை உயர்த்தி இறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த நீரை மேலே அனுப்பிச் சிறுநீராக வெளியே போக வைக்கும். காலில் சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய்) பழுதான ஆட்களுக்கு இறுக்கமான சாக்ஸ் போட்டுப் பார்த்தபோது ஒரே வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

அம்மாவுக்கு நாங்கள் செய்தது இதுதான். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி, மேசையைப் பிடித்துக்கொண்டு 30 தடவை குதிகால் உயர்த்துவா. பின்னேரம் மோலுக்குள் 40 நிமிடம் வேகமாக நடப்பா, வெளியில் பனி என்றாலும் அங்கே நடக்கலாம். கணுக்கால் பள்ளம் இப்போது விழுவதில்லை. டெஸ்டில் 19 இருந்தது 11. சுகர்காரர் இறுக்கமான சாக்ஸ் போடுவதற்கு முதல், காலில் ரத்தவோட்டம் சரியா என்று பார்த்துவிட வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

தறிக்காரன் | ஆகஸ்ட் 5, இரவு 8:30

இந்தக் கெண்டைக்கால் விஷயம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. மச்சான் நாள் முழுக்க சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். டீக்கு நிறுத்தும்போதெல்லாம் வேனைப் பிடித்துக்கொண்டு செய்யச் சொல்கிறேன். மெஷினைப் பரணிலிருந்து நானே இறக்கிக் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கேள்வி. இப்போது உடம்பு குறைய வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறதே. அது போட்டால் இத்தனை பாடு எதற்கு?

இன்சுலின்அக்கா | ஆகஸ்ட் 5, இரவு 9:55

டிர்செபடைட் ஊசியைச் சொல்கிறீர்கள். நல்ல மருந்துதான். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் பருமனோடு வரும் மூச்சுத் தடைக்கே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள், 2025இல் நம் ஊருக்கும் வந்துவிட்டது. முடிந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுப் போடலாம். ஆனால் எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகும். சர்க்கரையை எரிக்கிற அடுப்பே தசைதான். ஊசி போடுகிறவர் எடை தூக்கும் பயிற்சியை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

அமராவதிக்கரை | ஆகஸ்ட் 24, இரவு 9:30

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவரையும் உட்கார வைத்து முழுக்கப் படிக்க வைத்தேன். தறிக்காரன் அண்ணாவின் மச்சான் கதை வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஈசிஜி, எக்கோ, விழித்திரை எல்லாம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. மதுரைபிசியோ மேடம் தனி மடலில் அனுப்பிய படி தொடங்கினோம். மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிட நடை. மூன்றாவது வாரம் காலையில் 25 நிமிடம். ஞாயிறும் புதனும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 12 தடவை எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது, ஐந்து லிட்டர் கேன் இரண்டில் தண்ணீர் பிடித்துக் கையில் தூக்கி நடப்பது.

கஷ்டம் என்னவென்றால் மாஸ்க். இன்னும் மூன்று மணி நேரம்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு நடந்தால் தூக்கம் கெடும் என்று கம்பெனியில் யாரோ சொல்லிவிட்டார்கள், அதையும் கேட்கிறார்.

மதுரைபிசியோ | ஆகஸ்ட் 24, இரவு 10:20

ஏழு மணி நடையால் தூக்கம் கெடாது. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மூச்சிரைக்கிற அளவு கடுமையாகச் செய்தால்தான் சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும்.

மாஸ்க்குக்கு ஒன்று செய்யுங்கள். இரவு போடுவதற்கு முன்னால் பகலில் டிவி பார்க்கும்போது 20 நிமிடம் மாட்டிக்கொள்ளட்டும், காற்று ஓடட்டும். தூங்க வேண்டிய அவசியம் இல்லாத நேரத்தில் முகம் பழக வேண்டும். மூக்கு அடைப்பு இருந்தால் படுக்கும் முன் உப்புத் தண்ணீர் சொட்டு. தொண்டை வறட்சி என்றால் மெஷினில் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். ஒரு பக்கமாகப் படுக்கட்டும், மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும்.

நாக்கு என்றதும் இதையும் சொல்கிறேன். பிரேசிலில் 2009இல் நடுத்தர நோயாளிகளுக்கு மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் நாக்கு, அண்ணம், கன்னத்துக்கான பயிற்சி கொடுத்து எண்ணிக்கையை 22இலிருந்து 14க்குக் கொண்டுவந்தார்கள். நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் ஒட்டிச் சப்புவது, நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் வைத்து அண்ணத்தோடு பின்னோக்கி இழுப்பது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூடச் செய்யலாம்.

வைகறை | ஆகஸ்ட் 26, காலை 5:50

இடையில் ஒரு வார்த்தை. எனக்கும் சுகர், எனக்கும் தூக்கமில்லை, குறட்டைதான் காரணம் என்று ஒரு வருடம் நினைத்திருந்தேன். டெஸ்டில் 4தான் வந்தது. படுத்ததும் காலுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அசைத்தால் போகும், நிறுத்தினால் வரும். அது வேறு நோயாம், காலமைதியின்மை. இரும்புச் சேமிப்பைப் பார்த்தார்கள், அடிமட்டத்தில் இருந்தது. இரும்பு மாத்திரையும் மிதமான நடையும் எனக்குக் கைகொடுத்தன. நான் ஒரேயடியாக நீண்ட தூரம் நடந்த அன்றைக்கு இரவில் அதிகமானது. ஆகவே தூக்கம் கெடுகிற எல்லோருக்கும் காரணம் ஒன்றே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமராவதிக்கரை | நவம்பர் 16, இரவு 8:40

14 வாரம் முடிந்தது. நேற்று ரிசல்ட் வந்தது. 34 இருந்த இடத்தில் 22. ஆக்சிஜன் 76 வரை போனது இப்போது 83 வரை. மூன்று மாத சராசரி 8.4இலிருந்து 7.5. எடை இரண்டரை கிலோதான், ஆனால் இடுப்பு 104இலிருந்து 99, பேன்ட்டைப் பிடிக்கக் கொடுத்திருக்கிறோம். டாக்டர் மெஷினைத் தொடரச் சொன்னார், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார். வீட்டுக்காரரும் மறுபேச்சு பேசவில்லை. இப்போது ஆறு மணி நேரம் மாட்டியபடியே தூங்குகிறார். இரண்டு வாரமாகத்தான் இப்படி.

முந்தாநாள் பழக்க தோஷத்தில் இரவு மூன்று மணிக்கு விழித்துவிட்டேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. பயந்துபோய் மூக்கருகே விரலை நீட்டினேன். மாஸ்க்கின் ஓட்டையிலிருந்து காற்று விரலில் அடித்தது, நிற்காமல், சீராக. அப்படியே கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன்.

இப்போது வேறு பிரச்சினை. ஐந்து நாளாக மழை. ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, காலை நடை போகவில்லை. எங்கள் வீட்டுக்கு மாடியில் கூரை கிடையாது. நேற்றே வெறும் வயிற்று சுகர் 18 கூடிவிட்டது. என்ன செய்யலாம்?

நடைவண்டி | நவம்பர் 16, இரவு 9:02

அம்மா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஹாலில் நடக்கலாம், ஒன்றும் யோசிக்க வேண்டாம். நான் போன கார்த்திகை முழுக்க அப்படித்தான் நடந்தேன். சோபாவை ஓரமாகத் தள்ளுங்கள். சுவரிலிருந்து சுவர் எத்தனை அடி?

அமராவதிக்கரை | நவம்பர் 16, இரவு 9:10

அளந்துவிட்டேன் ஐயா. 19 அடி.

நடைவண்டி | நவம்பர் 16, இரவு 9:16

போய்வந்தால் 38. 86 தடவை போய்வந்தால் ஒரு கிலோமீட்டர். திரும்பும்போது ஒரே பக்கமாகத் திரும்ப வேண்டாம், முழங்கால் பிடிக்கும், ஒரு தடவை வலது, ஒரு தடவை இடது. வீட்டில் புளியங்கொட்டை இருக்கும்தானே?